முத்திரை சுத்தமாக இருக்கிறது, ஆனால் சேதி போய்ச் சேரவில்லை: பதத்தில் எதை முதலில் திருத்துவது?

கேட்டவர்: திஸ்ரநடை

வணக்கம். பரதநாட்டியத்தில் பதம் (மெதுவான பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும் உருப்படி) தொடங்கியிருக்கும் 15, 16 வயது மாணவிகள் நான்கு பேருக்காகக் கேட்கிறேன். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) சுத்தம், தாளம் கெட்டி. 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் விநியோக சுலோகத்தோடு (எந்தக் கை எதற்கெல்லாம் வரும் என்ற பட்டியல்) சொல்லிவிடுவார்கள்.

மிஸ்ர சாபில் (3+4 என ஏழு அட்சரம், அதாவது ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம்) ஒரு பதம். தலைவி தோழியிடம் பேசுகிறாள்: வருகிறேன் என்றவர் வரவில்லை, நிலவும் ஏறிவிட்டது, நீ போய் என்னவென்று கேட்டு வா. அவ்வளவுதான் காட்சி. பாட்டுத் தெரிந்தவர்களுக்குப் புரிகிறது. ஒலியை நிறுத்திவிட்டு வீடியோவை மட்டும் நாட்டியம் அறியாதவர்களிடம் காட்டினால், யார் யாரிடம் பேசுகிறாள் என்பதே பிடிபடவில்லை. கண்ணாடி முன் பார்த்தால் குறை தெரியவில்லை. ஆடப்போகும் மண்டபத்தில் கடைசி வரிசை சுமார் 20 மீட்டர் தள்ளி.

"பாவம் போதாது, பாவம் போதாது", அதாவது முகத்தில் உணர்ச்சி போதாது என்று சொல்லிச் சொல்லி இப்போது நாலு பேரும் புருவத்தைத் தூக்கியபடியே ஆடுகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: சொல்கட்டு

முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். யார் யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாமல் போவதற்கு முகம் காரணம் இல்லை. ஆட்களுக்கு இடம் போடவில்லை.

தரையில் சாக்பீஸால் மூன்று குறி போடுங்கள். தோழி: வலது முன்பக்க மூலை, ஆடுபவரிடமிருந்து ஒன்றரை மீட்டர். அங்கே ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் மாணவியின் கண் உயரத்துக்கு எதையாவது நிறுத்துங்கள். தலைவன் வரவேண்டிய வாசல்: இடப்பக்கம், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கண் உயரத்தைவிட ஒரு சாண் மேலே. நிலவு: பக்கவாட்டில் வேண்டாம், சபைக்கு நேராக, கடைசி வரிசைத் தலைகளுக்கு மேலே. கொஞ்சம் நிமிர்ந்தால் போதும். செங்குத்தாகப் பார்த்தால் சபைக்குத் தெரிவது தாடையும் மூக்குத் துவாரமும்தான்.

ஒருமுறை போட்ட இடம் பதம் முடியும்வரை மாறக்கூடாது. முதல் சரணத்தில் தோழி கண்மட்டத்தில் இருந்தாள், பல்லவி திரும்ப வரும்போது மார்பு மட்டத்துக்கு இறங்கிவிட்டாள் என்றால் பார்ப்பவருக்கு அங்கே குழந்தை நிற்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான். களைப்பில் பார்வை தானாகத் தாழும்.

ஸ்டூலை உண்மையிலேயே வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒன்றரை மீட்டரில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழியும் லேசாக உள்ளே குவியும். தூரத்து நிலவைப் பார்க்கும்போது அந்தக் குவிவு இருக்காது. வெறும் காற்றைப் பார்க்கும் மாணவிக்கு இரண்டுக்கும் ஒரே பார்வைதான் வரும். அதைத்தான் "கண்ணில் உயிர் இல்லை" என்கிறோம். ஒரு வாரம் ஸ்டூலோடு ஆடட்டும், பிறகு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, கையைப் பார்ப்பதா வேண்டாமா. கை எங்கே போகிறதோ அங்கே கண் போகவேண்டும் என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலிலிருந்து எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். அதை அப்படியே பதத்தில் பிடித்துக்கொண்டால் கெட்டது. பொருளைக் காட்டும் கை வேறு, பேசும் கை வேறு. பூ, ஓலை, கண்ணாடி, நிலவு என்று காட்டினால் பார்வை அந்தப் பொருள்மேல் போகட்டும். "இல்லை", "வா", "ஏன்", "கேட்டு வா" என்று சொல்லும்போது பார்வை கேட்பவள்மேல் நிற்கவேண்டும். "வரவில்லை" என்று பதாகத்தை (விரல் சேர்த்து நீட்டிய கை) அசைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தால், அவள் தோழியிடம் பேசவில்லை, தன் கையைத் தோழிக்குக் காட்டுகிறாள்.

மூன்றாவது, காலம். உங்கள் மாணவிகளுக்குக் கை, கண், முகம் மூன்றும் ஒரே தட்டில் தொடங்கும் என்று ஊகிக்கிறேன். அடவு நன்றாக வந்த பிள்ளைகளுக்கு வரும் வியாதி அது. மிஸ்ர சாபு உங்களுக்கு வசதி. தகிட என்ற முதல் மூன்று அட்சரத்தில் கை எழவே கூடாது. முதல் அட்சரத்தில் கண் மட்டும் வாசலுக்கு, இரண்டாவதில் தலை, மூன்றாவதில் தோள். தகதிமி என்ற அடுத்த நான்கில் பார்வை தோழியிடம் திரும்பி, அங்கே வந்து நின்ற பிறகே கை. கை இறங்கிய பிறகும் முகம் அடுத்த தகிட வரை அப்படியே இருக்கட்டும். கை இறங்கும்போது முகத்தையும் சேர்த்து இறக்கினால், சொன்னதை அவளே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

ஒரு சின்ன விஷயம். மறுப்புக்குத் தலையை இட வலமாகத் திருப்புவது துதம். அதைச் சின்னதாக, வேகமாகச் செய்தால் நம்மூர் "ஆமாம், ஆமாம்" தலையாட்டலாகவே தெரியும். முகவாய் தோளை நோக்கிப் பாதித்தூரமாவது போகவேண்டும், இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

பதில் 2: மேடைவிளக்கு

நாட்டியம் என் துறை இல்லை, ஒளியமைப்பு. 20 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

குறையில்லாத (6/6) பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 20 மீட்டரில் அது கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். அதுவும் நல்ல வெளிச்சத்தில், நல்ல வண்ண வேறுபாட்டில். கருவிழியின் அகலமே சுமார் 12 மில்லிமீட்டர்தான். கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினால் அது நகர்வது சில மில்லிமீட்டர். கடைசி வரிசைக்கு அது நடக்கவே இல்லை. புருவமும் அப்படியே. முன்னால் நான்கைந்து வரிசை பார்க்கும், அதற்குப் பின்னால் தலை திரும்பினால்தான் பார்வை திரும்பியதாக அர்த்தம். மேலே சொன்ன கண், தலை, தோள் வரிசை இதற்குச் சரியாகப் பொருந்துகிறது: முன்வரிசைக்குக் கண், நடுவுக்குத் தலை, பின்னுக்குத் தோள்.

கைக்கும் இதே கணக்கு. பதாகத்துக்கும் அர்த்தசந்திரனுக்கும் வித்தியாசம் கட்டைவிரல் ஒட்டியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்பது. ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி, எங்கிருந்தும் தெரியும். ஹம்சாஸ்யம் மாதிரி விரல்நுனி சேரும் கைகள் மார்புக்கு நேரே, அதே நிற ரவிக்கையின் முன் வந்தால் பின்வரிசைக்கு வெறும் கை. அரை சாண் பக்கவாட்டில் தள்ளி, பின்னால் இருட்டுத் திரை வரும்படி பிடித்தால் வடிவம் வெட்டித் தெரியும். விரல்நுனியில் அல்தா (சிவப்புச் சாயம்) பூசுவதும் கண்ணுக்கு மை இழுப்பதும் அழகுக்கு மட்டும் இல்லை.

அல்தா போட்டுவிட்டு ஆபரேட்டரிடம் "சிருங்காரம், சிவப்பு போடுங்க" என்று சொல்லாதீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புச் சாயம் வெளிறிப்போய்த் தோலோடு கலந்துவிடும். நீலத்தில் அதே அல்தா கறுப்பாகத் தெரியும், விரல்நுனி வெட்டுப்பட்டதுபோல இருக்கும். பதத்துக்கு முகத்தின்மேல் இளம் மஞ்சள் கலந்த வெள்ளை போதும். நிறம் வேண்டுமானால் பின்திரைக்கு.

விளக்கு இருக்கும் இடம் இதைவிட முக்கியம். நேர் மேலிருந்து மட்டும் அடித்தால் புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழுந்து கண் இரண்டும் ஓட்டையாகிவிடும். முன்னாலிருந்து, இடமும் வலமும் 45 பாகையில் ஒவ்வொன்று, உயரமும் ஏறத்தாழ 45 பாகை. மண்டபத்தில் அதற்குக் குழாய் இல்லையென்றால் பால்கனிக் கைப்பிடியில் கட்டச் சொல்லுங்கள். நிலவைப் பார்க்கும்போது முகம் இன்னும் வெளிச்சமாகும், அந்த இடத்தைச் சபைக்கு மேலே போட்டது அதற்கும் நல்லது.

வீடியோ எடுப்பதானால் போனைக் கடைசி வரிசையில் வைத்து, ஜூம் இல்லாமல் எடுங்கள். இரண்டு மீட்டரில் எடுத்ததைப் பார்த்து முடிவு செய்தால் மண்டபத்தில் ஏமாற்றம்தான்.

பதில் 3: கைமொழி

சைகைமொழிப் பக்கத்திலிருந்து ஒன்று. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: முத்திரை சைகைமொழி அல்ல. காது கேளாதோர் பேசும் இந்திய சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தன்னளவில் முழு மொழி. பதத்தில் கை, பாட்டின் சொல்லோடு சேர்ந்துதான் நடக்கிறது. அதனால் "ஒலியை நிறுத்தினால் முழுக் கதையும் புரியவேண்டும்" என்று எதிர்பார்ப்பது அநியாயம். யார், யாரிடம், எந்த மனநிலையில் என்ற மூன்று மட்டும் புரிந்தால் தேர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அலசும் முறையைக் கடன் வாங்கலாம். 1960-ல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகைமொழியை ஆராய்ந்து, ஒரு சைகை என்பது கைவடிவம், இடம், அசைவு என்ற கூறுகளால் ஆனது என்று காட்டினார். உள்ளங்கை எந்தப்பக்கம் பார்க்கிறது என்பதும் முகக்குறியும் பின்னர் சேர்ந்தன. உங்கள் மாணவிகள் வடிவத்தை மட்டும் படித்திருக்கிறார்கள், மற்ற நான்கும் கைக்கு வந்தபடி போகின்றன.

அலபத்மத்தை (ஐந்து விரலும் இதழ்போல விரிந்த கை) எடுங்கள். விநியோகத்தில் விரிந்த தாமரை, கண்ணாடி, முழுநிலவு, பிரிவுத்துயர் எல்லாமே அந்த ஒரே கைக்கு வருகின்றன. உள்ளங்கை முகத்தைப் பார்த்து முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நின்றால் கண்ணாடி. நெற்றிக்கு மேலே, கை நீண்டு, உள்ளங்கை சபையைப் பார்த்தால் நிலவு. மார்பருகே மெல்லச் சுழன்று தாழ்ந்தால் ஏக்கம். வடிவம் மாறவே இல்லை. உங்கள் காட்சியில் நிலவும் ஏக்கமும் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டும் தோள் உயரத்தில் நடந்தால் இரண்டும் தாமரைதான்.

பயிற்சி: ஒரே முத்திரை, 10 நிமிடம். ஒரு மாணவி இடம், உள்ளங்கைத் திசை, அசைவு மூன்றை மட்டும் மாற்றி மூன்று பொருள் சொல்லட்டும். மற்ற மூவரும் தாளில் எழுதட்டும், வாயால் சொல்லக்கூடாது. ஒருத்தி முதலில் சொல்லிவிட்டால் மற்ற இருவரும் "ஆமா, அதுதான்" என்பார்கள்.

கேள்வி கேட்கும் இடத்திலும் கவனம். பல சைகைமொழிகளில் கேள்விக்குறி கையில் இல்லை, புருவத்திலும் தலைச்சாய்விலும் இருக்கிறது, பதில் வரும்வரை அது இறங்காது. "ஏன் வரவில்லை" என்று கேட்டதும் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கைக்குப் போகிறார்களா பாருங்கள். புருவம் தூக்கிக்கொண்டே இருப்பதில் இழப்பு இதுதான்: கேள்விக்கென்று தூக்க ஒன்றும் மிச்சமில்லை.

பதில் 4: திருஷ்டிபேதம்

முகத்தை விடச் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. இடமும் காலமும் சரியானால் யார் யாரிடம் என்பது தெரியும், என்ன மனநிலை என்பது தெரியாது. ஆனால் முகத்தைத் தசை தசையாகத் தள்ளுவதும் வழியில்லை. மூச்சைப் பிடியுங்கள்.

"வாசலில் காலடிச் சத்தம்": மூக்கு வழியே சட்டென்று இழுத்து நிறுத்துங்கள், மார்புக்கூடு உயரும், கண் தானாக விரியும். "இல்லை, காற்று": நிறுத்தியதை விடுங்கள், ஒரே மூச்சில் அல்ல, இரண்டு தவணையாக. தோள் இறங்கும், முகம் தளரும். இதைச் செய்யும்போது புருவத்தை நினைக்கவே வேண்டாம். இழுப்பும் விடுப்பும் எந்த அட்சரத்தில் என்று நோட்டில் எழுதிவைப்பது நல்லது. பாடலுக்கு அடியில் மேலம்பு, கீழம்பு போட்டால் போதும். மூச்சைப் பிடித்தபடி ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) மேல் நிற்கக்கூடாது, கழுத்து நரம்பு புடைக்கும், அது கோபமாகப் படிக்கப்படும்.

புருவம் இறங்க: நெற்றியில் குறுக்கே ஒரு துண்டு காகித டேப். தூக்கினால் இழுக்கும், அவர்களுக்கே தெரிந்துவிடும். அதோடு எட்டு திருஷ்டி (கண் அசைவு), ஒவ்வொன்றும் எட்டு முறை, முதலில் விளம்பத்தில் (மெதுவான காலத்தில்) மட்டும். சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அனுவிருத்தம், அவலோகிதம். தலை அசையாதிருக்க பின்தலையைச் சுவரில் சாய்த்து உட்காரச் செய்யுங்கள். தவறு பெரும்பாலும் கண்ணை வட்டமாகச் சுழற்றும் ஆலோகிதத்தில் வரும்: வட்டம் சதுரமாகி, கீழ் மூலையில் ஒரு தாவல் இருக்கும். எதிரே ஒருவர் விரலை வட்டமாக ஓட்ட, அதைத் தொடர்ந்தால் தாவல் போகும். தலை சுற்றினால் நிறுத்தி, உள்ளங்கையால் கண்ணை மூடி ஒரு நிமிடம். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத்தான்.

சிரிப்பு பற்றியும் சொல்லவேண்டும். அடவில் பழகிய உதட்டுச் சிரிப்பு பதத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். வாயோரம் மட்டும் ஏறி, கண்ணைச் சுற்றிய தசை சுருங்காத சிரிப்பு பொய்யாகத் தெரியும் என்பதை 1862-லேயே பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் படம் எடுத்துக் காட்டிவிட்டார். "வரவில்லை" என்று சொல்லும்போது உதட்டில் அது மிச்சமிருந்தால் தலைவி வருத்தப்படவில்லை, கிண்டல் செய்கிறாள்.

பிறகு உடம்பின் எடை. நம்பிக்கையோடு வாசலைப் பார்க்கிறவள் எடை முன்பாதத்தில் இருக்கும், ஏமாந்தவள் எடை குதிகாலில். இது 20 மீட்டரிலும் தெரியும், ஏனென்றால் முழு உருவமும் சாய்கிறது. உங்கள் மாணவிகள் அரைமண்டி (முழங்கால் மடித்து நிற்கும் நிலை) பழக்கத்தில் எடையை இரண்டு காலிலும் சமமாகப் போட்டு நிற்பார்கள். அடவுக்கு அது நல்லது. பதத்தில் அப்படி நின்றால் சிலை. ஒரு காலில் முக்கால் பங்கு எடை, மற்ற முழங்கால் தளர்வு, இடுப்பு லேசாக ஒருபக்கம்.

கடைசியாக ஒரு கேள்வி உங்களுக்கு. பதத்தை 20 மீட்டருக்கு ஏன் ஆட்டவேண்டும்? பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் நடந்த காலத்தில் கோயில் மண்டபத்திலும் அரண்மனையிலும் வீட்டுக் கூடத்திலும் பார்ப்பவர் பக்கத்தில்தான் இருந்தார். பெரிய மண்டபம் பின்னால் வந்த வசதி. பின் வரிசைகளைக் கயிறு கட்டி மூடிவிட்டு எல்லாரையும் முன்னால் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

கேட்டவர்: திஸ்ரநடை

எல்லாருக்கும் நன்றி. கயிறு கட்டுவதற்கு மண்டபக்காரர்கள் ஒத்துக்கொண்டால் செய்கிறேன்.

ஸ்டூல், டேப், மூச்சுக்குறி மூன்றையும் இரண்டு வகுப்பில் செய்து பார்த்தாயிற்று. யாரிடம் பேசுகிறாள் என்பது இப்போது தெரிகிறது. புதிதாக ஒன்று: தலைவியிலிருந்து தோழியாக மாறும் இடம். தோழி "சரி, போகிறேன்" என்று பதில் சொல்லும்போது இன்னும் தலைவியே பேசுவது போலத்தான் இருக்கிறது. கண்ணாடியை மூடிவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில் 5: சொல்கட்டு

கண்ணாடியை மூடுங்கள். கண்ணாடி முன் பதம் ஆடினால் எல்லா வசனமும் கண்ணாடியில் இருப்பவளிடம் போகும், ஸ்டூலுக்குப் போகாது. வடிவம் பார்க்க வேண்டிய நாளில் மட்டும் திறக்கலாம்.

ஆள் மாற்றம் கையால் ஆகாது, காலால் ஆகும். வரிசை இப்படி:

தலைவி வலது முன்மூலையைப் பார்த்து நிற்கிறாள், எடை வலது காலில். அவள் பேச்சு முடிந்ததும் இரண்டு கையும் முழுதாக இறங்கவேண்டும், ஒரு அட்சரம் சும்மா. பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஒரு அட்சரம்தான். கையை இறக்காமல் ஒரு முத்திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டினால் ஆள் மாறியது யாருக்கும் தெரியாது. பிறகு வலது காலை ஒரு பாதத்தூரம் வைத்து, தோழி நின்ற இடத்தை நோக்கி ஒரு எட்டு போய், உடம்பை இடது பின்பக்கம் திருப்பாமல் இடது முன்மூலைக்குத் திருப்புங்கள். உண்மையில் தலைவி நின்றது பின்பக்கம்தான், ஆனால் அங்கே திரும்பினால் சபைக்கு முதுகு. கோணத்தில் இந்தச் சின்னப் பொய் வழக்கத்தில் உண்டு, யாரும் கேட்கமாட்டார்கள். எடை இப்போது இடது காலில்.

பார்வை உயரம் அதே கண்மட்டம். தோழிக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கொடுங்கள்: முந்தானை நுனியைப் பிடித்திருப்பது, அல்லது இடுப்பில் ஒரு கை. தலைவி அதைச் செய்யவே கூடாது. இரண்டு பழக்கம் கொடுத்தால் கேலிச்சித்திரமாகிவிடும்.

முக்கியமாக, தோழி பேசத் தொடங்கும் முன் கேட்கட்டும். ஒரு முழு ஆவர்த்தனம், கை எதுவும் இல்லாமல், தலைவி சொன்னதைக் கேட்டு முடிப்பவளாக நிற்கட்டும். பாடுபவர் பழைய வரியையே இன்னொரு முறை எடுத்தால் இடம் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த ஏழு அட்சரத்தில் மாணவிக்குக் கை நமநமக்கும். எதையாவது காட்டத் தோன்றும். காட்டவிடாதீர்கள்.